பிளேட்டோவுக்கு முன்னும் கிரேக்கர்கள் இருந்தார்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் கிரேக்கச் சிந்தனையில் ஆன்மா பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். இப்படியொரு விஷயத்துக்குத் தமிழில் இத்தனை பக்கங்கள் ஒதுக்கியதற்கு முதலில் நன்றி. ஆனால் ஆன்மா அழியாதது என்பது பழைய கிரேக்கர்கள் எல்லோருக்கும் பொதுவான நம்பிக்கை என்று கட்டுரை எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறது. அதை என்னால் ஏற்க முடியவில்லை. அது பிளேட்டோவின் கருத்து. அவர் காலத்திலேயே அதற்காக அவர் வாதாட வேண்டியிருந்தது.

அவருக்குச் சில நூற்றாண்டுகள் முந்தைய கவிஞர் ஹோமரைப் பாருங்கள். அவருடைய ஒடிசி காவியத்தின் 11ஆம் காண்டத்தில், இறந்தவர்களைச் சந்திக்கப் போன நாயகன் ஒடிசியஸ் குழி வெட்டி, ஆட்டை அறுத்து இரத்தத்தை அதில் விடுகிறான். இறந்தவர்களின் நிழல்கள் சுற்றிக் கூடுகின்றன. பெற்ற தாய்க்கே அந்த இரத்தத்தைக் குடித்த பிறகுதான் மகனை அடையாளம் தெரிகிறது. மூன்று முறை அவளைக் கட்டிக்கொள்ளப் பார்க்கிறான், மூன்று முறையும் கைக்கு அகப்படாமல் நழுவிப் போகிறாள். மாவீரன் அக்கிலீஸோ, செத்தவர்களுக்கெல்லாம் ராஜாவாக இருப்பதைவிட நிலமில்லாத ஏழை ஒருவனிடம் கூலி வேலை செய்வதே மேல் என்கிறான். உடல் என்னும் சிறையிலிருந்து விடுபட்ட ஆன்மா பேசுகிற பேச்சா இது?

அப்புறம் மறுபிறவி. சாமோஸ் தீவில் பிறந்து, தென் இத்தாலியில் குரோட்டன் நகரில் குடியேறிய பித்தகோரஸ் அதைப் போதித்தார் என்பது சரி. ஆனால் அதைப் பற்றி நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய சாட்சியே ஒரு கேலிதான். ஒருவன் நாய்க்குட்டியை அடிக்கிறான், பித்தகோரஸ் தடுக்கிறார், 'அடிக்காதே, இது என் நண்பனின் ஆன்மா, குரலை வைத்தே தெரிந்துகொண்டேன்' என்கிறார். அவர் காலத்துக் கவிஞரான செனோஃபனீஸ் எழுதிய கவிதை இது. ஊரே நம்பிய ஒன்றை இப்படிக் கிண்டல் செய்யத் தோன்றுமா? இந்தக் கருத்து இந்தியாவிலிருந்து போனது என்று கட்டுரை உறுதியாகச் சொல்வதற்கும் நேரடிச் சான்று கிடையாது. கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எகிப்தைக் கைகாட்டுகிறார். எகிப்தியர்கள் எழுதி வைத்தவற்றிலோ அப்படிப்பட்ட பிறவிச் சுழற்சியே இல்லை. நமக்குப் பெருமை தருகிறது என்பதற்காக ஆதாரத்தை விட்டுவிடக் கூடாது.

கி.மு. 432இல் வட கிரேக்கத்தின் பொடிடேயா நகரில் நடந்த போரில் இறந்த ஏதென்ஸ் வீரர்களுக்கு வைத்த கல்வெட்டு இன்று லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. அவர்களின் உயிரை வானவெளி ஏற்றுக்கொண்டது, உடலை மண் ஏற்றுக்கொண்டது என்கிறது அது. ஊரறிய வைத்த கல்லில் மறுபிறவி பற்றியோ மறுமைத் தீர்ப்பு பற்றியோ பேச்சே இல்லை.

இதைவிட வலுவான சான்று பிளேட்டோவிடமே இருக்கிறது. 'குடியரசு' நூலின் கடைசிப் பகுதியில், ஆன்மா ஒருபோதும் அழிவதில்லை என்பது உனக்குத் தெரியாதா என்று சாக்ரடீஸ் கேட்கிறார். கிளாக்கன் வியந்துபோய் அவரைப் பார்த்து, சத்தியமாகத் தெரியாது, உங்களால் அப்படிச் சொல்ல முடியுமா என்று திருப்பிக் கேட்கிறான். கிளாக்கன் பிளேட்டோவின் சொந்த அண்ணன், படித்தவன். அவனுக்கே இது புதுச் செய்தி!

பிளேட்டோவின் இன்னொரு நூலான 'ஃபீடோ'வில் சாக்ரடீஸ் சிறையில் கழிக்கும் கடைசி நாளிலும் இதே கதைதான். உடலை விட்டதும் ஆன்மா புகை மாதிரி கலைந்துவிடும் என்று ஜனங்கள் பயப்படுகிறார்களே என்கிறான் அவரோடு இருக்கும் இளைஞன் கீபிஸ். இன்னொரு இளைஞன் சிம்மியாஸ் இன்னும் கூர்மையாகக் கேட்கிறான்: யாழ் உடைந்தால் அதன் இசைவும் போய்விடுகிறதே, ஆன்மாவும் உடலின் இசைவு மட்டும்தான் என்றால் என்ன ஆகும்? இன்னும் சில மணி நேரத்தில் நஞ்சு குடிக்கப் போகிற குருவிடம், அழுகையை அடக்கிக்கொண்டு இப்படி மறுத்துப் பேசிய அந்த இளைஞர்கள்மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு. கட்டுரையில் இருவர் பெயரும் இல்லை.

அடுத்த இதழில் தொடர்ச்சி வரும் என்று போட்டிருக்கிறீர்கள். சிம்மியாஸின் அந்தக் கேள்வியையும், அதற்கு சாக்ரடீஸ் சொன்ன பதிலையும் முழுதாகத் தரும்படி கட்டுரையாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
ஒரு வாசகர்,
கும்பகோணம்