மணிக்கூட்டை மேசையில வைக்காதேங்கோ ரீச்சர்

வன்னியில ஆரம்பப் பிரிவு படிப்பிக்கிற ரீச்சர்மாருக்கும் சேர்மாருக்கும், வலயக் கல்வி அலுவலகங்களில இருக்கிற ஆக்களுக்கும் வணக்கம்.

நான் ஒட்டுசுட்டான் பக்கம். என்ர மகன் தரம் 4. போன தவணை வாசிப்புப் பரீட்சைக்கு ஒரு நிமிசம் எண்டு மணிக்கூட்டை மேசையில வைச்சு ஒவ்வொரு பிள்ளையா எழுப்பி வாசிக்க விட்டவை, இவன் "அருங்காட்சியகம்" எண்ட சொல்லில நிண்டிட்டான், அ... அ... அலுங்... எண்டு இழுபட, வீட்டில வாசிக்கிறேல்ல எண்டு பேசி, சொல்லி முடிக்கும் வரைக்கும் நிக்க விட்டிருக்கினம். அண்டைக்கே பெடியள் அவனுக்குக் கொன்னை எண்டு பேர் வைச்சிட்டாங்கள். அந்தச் சொல்லை அவன் பிழையில்லாம எழுதுவான் ரீச்சர். தெரியாம நிக்கேல்ல, வாய் வரேல்ல.

வசம்பு உரசி நாக்கில தடவச் சொன்னவையும் இருக்கினம். நாங்கள் நெடுங்கேணி தாண்டி வவுனியாவுக்கு பஸ் ஏறி, பேச்சுச் சிகிச்சை செய்யிற ஒரு மிஸ்ஸிட்டக் காட்டினனாங்கள். அவ அவன ஏசேல்ல, வாசிக்கவும் சொல்லேல்ல, "ப-த-க, ப-த-க எண்டு வேகமாச் சொல்லுங்கோ பாப்பம்" எண்டா. அவன் பகிடியெண்டு நினைச்சு சிரிச்சுச் சிரிச்சுச் சொன்னான், மூண்டு தரத்துக்குப் பிறகு ப-க-த ஆயிட்டுது. ப-வுக்கு உதடு, த-வுக்கு நாக்கு நுனி, க-வுக்கு நாக்கின்ர பின்பக்கம், மூண்டும் ஒண்டுக்குப் பின்னால ஒண்டு தவறாம மாறோணும், அந்த வேகம் வயசோடதான் கூடி வரும் எண்டு அவ சொல்லேக்கதான் எனக்கே விளங்கினது.

பேந்து நான் தேடி வாசிச்சன். குழந்தையில தாடைதான் முதல் பழகுமாம், உதடும் நாக்கும் பிந்தித்தான். அமெரிக்காவில பர்டியூ பல்கலைக்கழகத்தில ஆன் ஸ்மித், ஹவர்ட் செலஸ்னிக் எண்ட ரெண்டு பேர் 4 வயசுப் பிள்ளையளிலயிருந்து 20 தாண்டின ஆக்கள் வரைக்கும் ஒரே வசனத்தைத் திருப்பித் திருப்பிச் சொல்ல விட்டு உதடும் தாடையும் அசையிறத அளந்து 2004இல எழுதியிருக்கினம். 14 வயசிலயும் அந்த அசைவு பெரியாக்களின்ர மாதிரி உறுதியாகேல்ல. அப்ப 9 வயசில எப்பிடி? அதோட 6, 7 வயசில முன்பல்லு விழுந்து முளைக்குது, முகமும் வளருது, பழகின வாயே மாறிக்கொண்டிருக்கு. வசனம் நீள நீள சின்னப் பிள்ளையின்ர வாய் இன்னும் தடுமாறும்.

ஆனா எல்லாம் வளர வளரச் சரிவரும் எண்டு விட்டிடவும் கூடாது, அதையும் சொல்லோணும். சின்ன வயசில திக்கிற பிள்ளையள் கனபேருக்குத் தானா நிண்டிடும், சில பேருக்கு நிக்காது. வருசக்கணக்கா திக்குற பிள்ளை, கதைக்கேக்க கண்ணை இறுக்கிற, கழுத்து நரம்பு புடைக்கிற பிள்ளை, தன்ர பேரைக் கேட்டாலே வாயை மூடுற பிள்ளை, இதுகளை முதல்ல காணுறது நீங்கள்தான். தாய் தேப்பனைக் கூப்பிட்டு ஒருக்காக் காட்டச் சொல்லுங்கோ. அது சோம்பல் இல்ல, வளர்ப்புப் பிழையும் இல்ல. அவசரப்படுத்தினா இன்னும் இறுகும், அவ்வளவுதான்.

வலயத்தில இருக்கிறவையிட்டக் கேக்கிறது, வாசிப்புக்கு நிமிசக் கணக்கு பார்க்கிறத ஆரம்பப் பிரிவில நிப்பாட்டுங்கோ. பேச்சுச் சிகிச்சை செய்யிற ஆள் தவணைக்கு ஒருக்காவாவது பள்ளிக்கூடத்துக்கு வர ஒழுங்கு செய்யுங்கோ, கூலி வேலைக்குப் போற தாய் ஒரு நாள் சம்பளத்தை விட்டிட்டு வவுனியாவுக்குப் போக ஏலாது.

ரீச்சர்மாருக்கு ஒண்டு. பின்னேரத்தில குளக்கட்டில இருந்து நானும் அவனும் ஒரே புத்தகத்தைப் பிடிச்சுச் சேர்ந்து வாசிப்பம். ரெண்டு குரலும் ஒண்டாப் போகேக்க அவனுக்குத் திக்கவே திக்காது, திக்குற கனபேருக்கு இது இப்பிடித்தானாம். வாற தவணை அவன எழுப்பேக்க பக்கத்தில இருக்கிற பெடியனையும் எழுப்பி ரெண்டு பேரையும் சேர்த்து வாசிக்க விடுங்கோ. அருங்காட்சியகம் வாற அதே பாடத்தையே குடுங்கோ.