பல்குத்தி என்றே எழுதலாமே

ஆசிரியருக்கு வணக்கம்.

அம்பாசமுத்திரத்தில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறேன். உங்கள் சமையல் பக்கத்தில் ‘டூத்பிக்’ என்றே போடுகிறீர்கள். பல்குத்தி என்றால் ஆகாதா?

கப்பலில் வேலை பார்க்கும் மருமகன் இத்தாலியிலிருந்து ஒரு டப்பா பல்குத்தி கொண்டுவந்தார். அங்கே அதன் பெயர் ‘ஸ்டுட்சிகாதென்தி’. ‘ஸ்டுட்சிகாரே’ என்றால் குத்துவது, கிண்டுவது, ‘தென்தி’ பற்கள். நாம் பாக்குவெட்டி, மண்வெட்டி போலப் பொருளை முன்னால் வைத்துப் பல்குத்தி என்கிறோம். அவர்கள் வினையை முன்னால் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். ஒரு குச்சியானாலும் நூறானாலும் சொல் மாறாதாம்.

அந்த வினைக்குச் சீண்டுவது, பசியைத் தூண்டுவது என்றும் பொருளுண்டு. சாப்பிட்டு முடித்து எடுக்கிற குச்சிக்கு இப்படியொரு பெயர்! சரி, எங்கள் ஆச்சி வாரியல் குச்சியைத்தான் ஒடிப்பாள்.

இப்படிக்கு,
ஒரு கடைக்காரர், அம்பாசமுத்திரம்