மாணவர்களிடம் எதற்கு மன்னிப்பு, ஐயா?

அன்புள்ள லீ சுன்-ஜே ஐயா,

தென்கொரியாவின் மூத்த நடிகரான நீங்கள் 2025 நவம்பர் 25 அன்று காலமானதிலிருந்து உங்கள் வாழ்க்கை வரலாற்றை எல்லோரும் எழுதித் தீர்த்துவிட்டார்கள். 1956இல் மேடையேறியது, சியோல் தேசியப் பல்கலைக்கழகத்தில் தத்துவம் படித்தது எல்லாம் உங்களுக்கே திருப்பிச் சொல்ல வேண்டியதில்லை. எனக்கு அந்த விருது மேடைதான் கண்ணைவிட்டுப் போகமாட்டேன் என்கிறது.

கொரியத் தொலைக்காட்சியான கேபிஎஸ்ஸின் 2024க்கான தொடர் விருதுகளில் உச்ச விருது உங்களுக்கு. தொண்ணூறு வயது. கைத்தாங்கலாக வந்து நின்றீர்கள். நாலு வார்த்தை நன்றி சொல்லிவிட்டு இறங்கியிருக்கலாம். நீங்களோ கச்சோன் பல்கலைக்கழகத்தில் உங்களிடம் நடிப்புப் படித்த பிள்ளைகளைப் பற்றிப் பேசப் போய்விட்டீர்கள். விருது வாங்கித் தந்த அந்தக் கடைசித் தொடரின் படப்பிடிப்பு கோஜே தீவில். ஒரு வழிக்கே நாலரை மணி நேரம். இருபது தடவைக்கு மேல் போய்வந்ததில் வகுப்பைச் சரியாக நடத்த முடியவில்லை, அவர்களிடம் மன்னிப்புக் கேட்டேன் என்றீர்கள். கவலைப்படாமல் நடியுங்கள் என்று அந்தப் பிள்ளைகள் சொன்னதைச் சொல்லும்போது உங்கள் குரல் தழுதழுத்தது. எனக்கும் அழுகை வந்துவிட்டது.

அப்புறம் கோபம் வந்தது. என்றைக்காவது ஒரு வாய்ப்பு வரும் என்று தயாராகவே இருந்ததாகச் சொன்னீர்களே, அதை எப்படி அவ்வளவு சாதாரணமாகச் சொல்ல முடிந்தது? 1991இல் ‘காதல் என்றால் என்ன’ தொடரின் கறார் அப்பாவாக ஊரையே டிவி முன்னால் உட்கார வைத்தவர் நீங்கள். அந்த மரியாதையை எழுபது கடந்த பிறகு ‘ஹை கிக்’ நகைச்சுவைத் தொடரில் நீங்களே போட்டு உடைத்தீர்கள். வீட்டில் யாருக்கும் தெரியாமல் ஆபாசப் படம் பார்த்து மாட்டிக்கொள்ளும் தாத்தா! நடிகருக்கு அதற்குத் துணிச்சல் வேண்டும். அப்படிப்பட்டவருக்கு இந்த விருதைக் கொடுக்க இவ்வளவு காலமா? அதற்கும் நீங்கள் பணிவாக நன்றி சொல்கிறீர்கள். கொஞ்சமாவது சண்டை போட்டிருக்கலாம்.

உங்களை நேசிக்கிறவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் சிலவற்றைத் தொட்டுவிட்டு நகர்கிறேன். 1992இல் ஆளுங்கட்சி சார்பில் நாடாளுமன்றம் போனது எனக்குப் பிடிக்கவில்லை. 2020இல் முன்னாள் மேலாளர் ஒருவர் தன்னை வீட்டு வேலைக்கெல்லாம் அனுப்பினார்கள் என்று புகார் சொன்னார். நீங்கள் மன்னிப்புக் கேட்டீர்கள். கேட்டது சரி. அதற்கு மேல் தீர்ப்பு சொல்ல நான் யார்?

ஆனால் கண் விஷயத்தை விடமாட்டேன். அந்தக் கடைசித் தொடரில் நடிக்கும்போது உங்களுக்குப் பார்வை வெகுவாக மங்கியிருந்ததாம். வேறொருவர் வசனத்தை வாசிக்க வாசிக்கக் காதால் கேட்டே மனப்பாடம் செய்தீர்களாம். இதைக் கேட்டு எல்லோரும் ‘அடடா, என்ன அர்ப்பணிப்பு’ என்கிறார்கள். எனக்கு எரிச்சலாக இருக்கிறது. எண்பத்தைந்து வயதைக் கடந்த பிறகும் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஷேக்ஸ்பியரின் லியர் மன்னராக மேடையில் நின்ற உடம்பு அது. போதும் என்று சொல்ல பக்கத்தில் ஒரு ஆள் இல்லையா? சொல்லியிருந்தாலும் நீங்கள் கேட்டிருக்கமாட்டீர்கள், அது வேறு.

இப்போது உங்கள் பழைய தொடர் ‘ஹோ ஜுன்’ மறுபடி பார்க்கிறேன். அதில் நீங்கள் கதாநாயகனுக்கு வைத்தியம் சொல்லிக்கொடுக்கும் குரு. மனித உடலை அறுத்துப் படிக்க வழியில்லாத காலத்தில், சீடன் கற்றுக்கொள்ளட்டும் என்று தன் உடலையே விட்டுவிட்டுச் செத்துப்போகும் குரு. அந்த வேடத்தை நீங்கள் கழற்றவே இல்லையோ என்று தோன்றுகிறது. இல்லாவிட்டால் தொண்ணூறு வயதில், விருதைக் கையில் வைத்துக்கொண்டு, நடத்தாமல் விட்ட வகுப்புக்காக யார் வருத்தப்படுவார்கள்? அந்தப் பிள்ளைகள் உங்களிடம் எந்தக் கணக்கும் கேட்கவில்லை, ஐயா. நீங்களாகத்தான் கேட்டுக்கொண்டீர்கள்.