ஒரு கதவுக்கு மட்டும் பெயிண்ட்: நிறம் ஏன் ஒத்துப்போவதில்லை?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நம் சிங்கப்பூர் வாகன நிறுத்துமிடங்களில் ஒரு காருக்கான இடத்தின் அகலம் வழக்கமாக 2.4 மீட்டர். இன்றைய கார்கள் பலவும் 1.8 மீட்டர் அகலத்தைத் தாண்டிவிட்டன. பக்கத்துக் காரின் கதவு நம் கதவில் இடிப்பதும் தள்ளுவண்டி உரசிவிட்டுப் போவதும் அன்றாடம் நடப்பவைதாம். பட்டறைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் வந்ததும் கேட்பது, "இந்தக் கதவுக்கு மட்டும் அடித்தால் எவ்வளவு?" வெயிலில் நிறுத்தினால் அந்த ஒரு கதவு மட்டும் தனியாகத் தெரிகிறதே என்று பிறகு வரும் புகார், பெரும்பாலும் இந்தக் கேள்வியிலேயே தொடங்கிவிடுகிறது. பெயிண்ட் தொழிலில் இருப்பவர்கள் என்ற முறையில் வாசகர்களுக்குச் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறோம்.

முதலில், அடிக்கத்தான் வேண்டுமா என்று பாருங்கள். கதவைக் கழுவித் துடைத்துவிட்டு, கீறலின் மேல் தண்ணீர் தெளியுங்கள். ஈரமாக இருக்கும்வரை கீறல் மறைந்தால் அது நிறத்துக்கு மேலே உள்ள, நிறமற்ற கிளியர் பூச்சோடு நின்றுவிட்டது என்று பொருள். தொழிற்சாலையில் பூசிய கிளியர் ஏறக்குறைய 35 முதல் 50 மைக்ரான் தடிமன் இருக்கும். நகத்தை வைத்து இழுத்தால் மாட்டாத கீறல், தேய்ப்புப் பசையான காம்பவுண்டுக்கும் பாலிஷுக்கும் அடங்கிவிடும். கறுப்புக் காரில் பளிச்சென்று தெரியும் வெள்ளைக் கோட்டைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. பல நேரங்களில் அது இடித்த காரின் பெயிண்ட்தான். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த மைக்ரோஃபைபர் துணியால் மெல்லத் துடைத்துப் பாருங்கள்; போகவில்லையென்றால் மெல்லிய பாலிஷ் போட்டுத் தேயுங்கள். பற்பசை வேண்டாம். எண்ணெய்ப் பசையுள்ள ஸ்பிரேயும் வேண்டாம். அது கீறலை நிரப்பி மறைக்குமே தவிர நீக்காது, அடுத்த மழையில் கோடு திரும்ப வந்து நிற்கும்.

2000 எண் உப்புத்தாளால் தண்ணீர் விட்டுத் தேய்க்கலாம் என்று காணொளிகளில் சொல்கிறார்கள். தேய்க்கலாம்தான், ஆனால் கதவின் நடுவே ஓடும் மடிப்புக் கோட்டிலும் விளிம்பிலும் கைவைக்காதீர்கள். அங்கே கிளியர் மெலிந்திருக்கும், நாலு இழுப்பில் அடியிலுள்ள நிறம் வெளிவந்துவிடும். அதன்பின் பாலிஷ் எதையும் காப்பாற்றாது.

நகம் மாட்டினால், அடியில் சாம்பல் நிற அடிப்பூச்சான பிரைமரோ தகடோ தெரிந்தால், பெயிண்ட் வைத்தே ஆகவேண்டும். கதவு விளிம்பில் அரிசி அளவில் உதிர்ந்த இடத்துக்கு டச்-அப் பெயிண்ட் புட்டி போதும். அதன் மூடியோடு வரும் தூரிகை மட்டும் அந்த வேலைக்கு உதவாது. அவ்வளவு தடிமனான தூரிகை குமிழ் போலப் பெயிண்டை அப்பிவிடும். பல்குத்தும் குச்சியோ மிக மெல்லிய ஓவியத் தூரிகையோ எடுத்துக்கொள்ளுங்கள். புட்டியை இரண்டு நிமிடமாவது குலுக்குங்கள். தகடு தெரியும் இடத்தில் மட்டும் பிரைமரைத் தொட்டு வையுங்கள். பிறகு நிறத்தை மெல்லிய பூச்சாக, பூச்சுக்குப் பூச்சு அரை மணி நேரம் விட்டு, சுற்றுப்புறத்தைவிடச் சற்றே பள்ளமாக இருக்கும்வரை நிரப்புங்கள். மேலே கிளியர். ஒரு வாரம் கழித்து, சிறு கட்டையில் சுற்றிய 2500 எண் தாளால் மேட்டைச் சமன் செய்து பாலிஷ் போடுங்கள். வெள்ளி நிறத்திலும் சாம்பல் நிறத்திலும் இது ஒருபோதும் முழுமையாக மறையாது. தூரிகையால் வைத்த மெட்டாலிக் பெயிண்டில் அலுமினியத் துகள்கள் தாறுமாறாகப் படிந்துவிடும். துருப்பிடிக்காமல் தடுத்தாலே போதும் என்றால் இதைச் செய்யலாம்.

இனி நிறத்துக்கு வருவோம். காரின் பெயிண்ட் எண் பெரும்பாலும் ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் தாளில் அல்லது தகட்டில் இருக்கும்; சில கார்களில் எஞ்சின் அறையின் பின்சுவரில். டொயோட்டாவில் 040 என்றாலும் வெள்ளை, 070 என்றாலும் வெள்ளை. முன்னது வெறும் வெள்ளை. பின்னது முத்து வெள்ளை; அடிநிறம், முத்துப் பூச்சு, கிளியர் என மூன்று அடுக்கு வேலை. தொலைபேசியில் "வெள்ளைக் கார்" என்று மட்டும் சொல்லி விலை கேட்பவருக்குச் சரியான விலை கிடைக்காதது இதனால்தான்.

எண் தெரிந்தால் நிறம் தெரிந்துவிட்டது என்று நினைப்பதுதான் பெரிய பிழை. ஒரே எண்ணுக்குப் பெயிண்ட் நிறுவனங்கள் பல மாற்றுக் கலவைகளை வைத்திருக்கின்றன. ஒன்று சற்று நீலம் கூடியது, ஒன்று மஞ்சள் கூடியது, ஒன்றில் துகள் பெரியது. ஒரே மாடல் வெவ்வேறு ஆலைகளில் தயாராவதாலும் தொகுதிக்குத் தொகுதி மாறுவதாலும் வருவது இது. அதன்மேல் பல ஆண்டு வெயில். எனவே கலக்குபவர், பழுதான இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு சாண் இடத்தைப் பாலிஷ் போட்டு, அங்கே நிறமானியை வைத்து அளக்க வேண்டும். பாலிஷ் போடாமல் அளந்தால் மங்கிய கிளியரின் நிறத்தைத்தான் கருவி படிக்கும். பெட்ரோல் மூடியைக் கழற்றிக்கொண்டு போய்க் கலந்துவரும் பழக்கம் வசதியானது. ஆனால் அது பின்பக்கத்து நிறம், முன்கதவின் நிறம் அல்ல. பம்பரை வைத்தும் ஒப்பிடாதீர்கள். அது பிளாஸ்டிக், புதுக் காரிலேயே பலவற்றில் பம்பரும் தகடும் ஒரே நிறமாகத் தெரிவதில்லை.

கலவை சரியாக அமைந்தாலும் பெயிண்ட் தெளிக்கும் துப்பாக்கியைப் பிடிக்கும் கை அதைக் கெடுத்துவிடும். மெட்டாலிக் நிறத்தை ஈரம் கூடுதலாக அடித்தால் துகள்கள் மூழ்கிப் பல கோணங்களில் நிற்கும்; நேரே பார்க்கும்போது கதவு கறுத்துத் தெரியும். உலர்வாக அடித்தால் துகள்கள் மேலே படுத்துக்கொள்ள, கதவு வெளிறிவிடும். நம் ஊர்ச் சூட்டில் பெயிண்டை இளக்க, வேகமாக ஆவியாகும் தின்னரைக் கலந்தால், பெயிண்ட் கதவைத் தொடும் முன்பே பாதி உலர்ந்துவிடும். மெதுவாக ஆவியாகும் தின்னர்தான் இங்கே சரி. தண்ணீர் சார்ந்த பெயிண்டில் சிக்கல் நேர் எதிரானது: ஈரப்பதம் மிக்க காற்றில் அது காய மறுக்கும், காற்று வீசி உலர்த்தாமல் கிளியர் அடித்தால் பின்னால் மங்கும். முத்து வெள்ளையில் நடு அடுக்கை எத்தனை முறை அடித்தார்கள் என்பதே நிறத்தைத் தீர்மானிக்கிறது. ஒரு பூச்சு கூடினாலும் வித்தியாசம் கண்ணில் படும்.

ஆகவே, கதவில் கைவைக்கும் முன் சோதனை அட்டை ஒன்றைக் கேளுங்கள். அதே கலவை, அதே துப்பாக்கி, அதே காற்றழுத்தம். மேலே கிளியரும் அடித்திருக்க வேண்டும். கிளியர் இல்லாத அட்டை எதையும் சொல்லாது. அதைக் காரின்மேல் வைத்து, வெயிலில் நேராகவும் பக்கவாட்டிலும் பாருங்கள். பட்டறை விளக்கில் ஒன்றாகத் தெரியும் இரு நிறங்கள் பகலில் பிரிந்துவிடுவது உண்டு.

அட்டையும் ஒத்துப்போன பிறகுகூட, மெட்டாலிக்கிலும் முத்து நிறத்திலும் கதவின் விளிம்போடு நிறத்தை நிறுத்தினால் கோடு போட்டதுபோல் வேறுபாடு தெரியும். பழுதான இடத்தில் முழுதாக மூடும்வரை அடித்து, அடுத்தடுத்த பூச்சுகளை அகலமாக்கி, முன்சக்கரத்துக்கு மேலுள்ள ஃபெண்டருக்குள்ளும் பின்கதவுக்குள்ளும் மெல்ல மறைய விட்டு, மூன்றுக்கும் முழுதாகக் கிளியர் அடிப்பதே முறை. இதைத்தான் 'பிளெண்ட்' என்கிறோம். "ஒரு கதவுக்கு அடிக்கச் சொன்னால் மூன்றுக்குப் பணம் கேட்கிறார்கள்" என்று கோபப்படுவோர் இதை அறிய வேண்டும். அந்தப் பணம் கூடுதல் பொருளுக்கும் நேரத்துக்கும்தான். அதேவேளை, வெறும் வெள்ளைக்கும் வெறும் கறுப்புக்கும் நிறம் நன்றாகப் பொருந்தினால் கதவோடு நிறுத்தலாம். அங்கும் மூன்று பாகத்துக்குக் கேட்டால் காரணம் கேளுங்கள்.

ஒடுக்கு விழுந்த கதவில் பள்ளத்தை நிரப்பப் பட்டி வைக்கும்போது நடக்கும் தவறுகள் பல மாதம் கழித்தே வெளியே தெரியும். பட்டியில் ஹார்டனர் எடையில் 2 விழுக்காடு அளவில் போதும். சீக்கிரம் இறுகட்டும் என்று கூட்டினால் பின்னர் வெள்ளைக் காரில் மஞ்சள் கறை கசியும். பட்டியைத் தண்ணீர் விட்டுத் தேய்க்கவே கூடாது. அது நீரை உறிஞ்சும், நம் ஊர் வெயிலில் கதவு கொப்புளிக்கும். பழைய பெயிண்டின் விளிம்பைச் சரிவாகத் தேய்த்துவிடாமல் அதன்மேலேயே பட்டியை இழுத்தால், கிளியர் காய்ந்த பிறகு வளையம் வளையமாகத் தெரியும். கைப்பிடியையும் கண்ணாடியடி ரப்பரையும் கழற்றாமல் டேப் ஒட்டி அடித்த வேலையில், டேப் நின்ற கோட்டிலிருந்துதான் கிளியர் முதலில் உரியத் தொடங்கும். கழற்றி அடிப்பார்களா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

வாகன நிறுத்துமிடத்தில் நீங்களே ஹார்டனர் கலந்த கிளியர் அடிக்க நினைத்தால், வேண்டாம். அந்த ஹார்டனரில் இருக்கும் ஐசோசயனேட் மூச்சுக்குழாயைப் பாதிக்கும். துணி முகக்கவசம் அதைத் தடுக்காது. பறக்கும் பெயிண்ட் பக்கத்துக் கார்களிலும் படியும்.

காப்புறுதி பற்றி ஒரு சொல். வேறொரு வாகனம் மோதியிருந்தால், சேதம் சிறியதானாலும் 24 மணி நேரத்துக்குள் அல்லது அடுத்த வேலைநாளுக்குள் உங்கள் காப்புறுதி நிறுவனத்திடம் தெரிவியுங்கள். ஆனால் தானாகப் பட்ட கீறலுக்கு இழப்பீடு கோரும் முன் கணக்குப் போடுங்கள். இழப்பீடு கோராதவர்களுக்கான 50 விழுக்காட்டுத் தள்ளுபடி, ஒரு கோரிக்கையால் வழக்கமாக 20 விழுக்காட்டுக்கு இறங்கும்.

காரைப் பகலில், மழை இல்லாதபோது எடுங்கள். ஈரக் கதவு எல்லாக் குறையையும் மறைக்கும். புதுப் பெயிண்ட்மேல் ஒரு மாதம் மெழுகு வேண்டாம். தூங்குமூஞ்சி மரத்தடியில் நிறுத்தவும் வேண்டாம். பறவை எச்சம் விழுந்தால் அன்றே கழுவுங்கள். பட்டறையில் கலவைச் சீட்டைக் கேட்டு வாங்கிப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பெயிண்ட் நிறுவனம், மாற்றுக் கலவையின் எண், முத்து நிறமானால் நடு அடுக்கை எத்தனை முறை அடித்தார்கள் என்பது மூன்றும் அதில் இருக்க வேண்டும். அடுத்த கதவு இடிபடும்போது கலப்பவர் அங்கிருந்து தொடங்கலாம்.

இப்படிக்கு,
பெயிண்ட் தொழிலில் உள்ள வாசகர்கள்,
காக்கி புக்கிட்