கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற பெண்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காலில் புண் முற்றிய நிலையிலும், தன் நாயை விட்டுவிட்டு மருத்துவமனைக்குப் போக மறுத்துவந்த, வீடற்ற ஒருவரைப் பற்றிய செய்தியைச் சென்ற இதழில் படித்தேன். வழியே போன பெண் ஒருவர் ‘நாயை நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் உள்ளே போய்வாருங்கள்’ என்று சொன்ன பிறகுதான் அவர் சிகிச்சைக்குச் சம்மதித்தாராம். அவருடைய முகத்தைப் படம்பிடித்துப் போடாமல் விட்டதற்கு முதலில் உங்களுக்கு நன்றி. உதவுகிற கையைவிடக் கைபேசி முன்னால் நீள்கிற காலம் இது.

கால்நடை மருத்துவமனையில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அந்தப் பெண் செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்பதைச் செய்தி போதிய அளவு சொல்லவில்லை என்று எனக்குப் பட்டது. அவர் பணம் கொடுக்கவில்லை, போர்வை வாங்கித் தரவில்லை. வாசலில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார், அவ்வளவுதான். நாம் நாயை வீட்டுக்குள் விட்டுக் கதவைச் சாத்திவிட்டு எங்கே வேண்டுமானாலும் போகிறோம். சாத்தக் கதவில்லாதவர் என்ன செய்வார்? குளிக்க, கழிப்பறைக்குப் போக, அலுவலகத்தில் ஒரு மனுக் கொடுக்க, வேலை கேட்டு ஓர் இடத்துக்குப் போக, எல்லாவற்றுக்கும் அவருக்கு இதே சிக்கல்தான். கம்பத்தில் கட்டிவிட்டுப் போனால் திரும்பி வரும்போது நாய் அங்கே இருக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. யாரேனும் அவிழ்த்துக்கொண்டு போகலாம். ஆளில்லாத நாய் என்று வண்டியில் ஏற்றிக்கொண்டும் போகலாம். புண் அழுகினாலும் பரவாயில்லை என்று அவர் உட்கார்ந்திருந்தது பிடிவாதத்தால் அல்ல.

‘தனக்கே வழியில்லை, இதில் நாய் ஒரு கேடா?’ என்று இந்தச் செய்தியைப் படித்த என் வீட்டிலேயே ஒருவர் கேட்டார். பலருடைய மனத்திலும் இருக்கிற கேள்விதான். வேலையில் இருந்தபோது தெருவில் வாழ்பவர்கள் கொண்டுவந்த நாய்களையும் பார்த்திருக்கிறேன். மெலிந்திருக்கும், உண்ணி இருக்கும், சொறி இருக்கும். ஆனால் ஊசி போடும்போது பெரும்பாலும் முரண்டு பிடிக்காது. வளர்ப்பவர் தலையில் கைவைத்தால் போதும், நின்றுவிடும். இராப்பகல் ஒரே ஆளோடு இருந்து பழகியதால் வருகிற நிதானம் அது. எங்கள் கையைப் பதம் பார்த்தவை பெரும்பாலும் பகலெல்லாம் தனியே பூட்டிக் கிடந்த நாய்கள்தான். ‘யாரிடமாவது கொடுத்துவிட வேண்டியதுதானே’ என்பவர்கள், தெருவில் தூங்குகிறவருக்குக் காவலும் துணையும் வேறு யார் என்பதையும் சொன்னால் நல்லது.

அப்படிக் கொடுக்கச் சொன்னால் என்ன ஆகும் என்பதற்கு வரலாறு உண்டு. 2005இல் அமெரிக்காவைக் கத்ரீனா சூறாவளி தாக்கியபோது, வளர்ப்புப் பிராணிகளுக்கு இடமில்லை என்று சொல்லப்பட்டதால் வெள்ளத்திலிருந்து வெளியேற மறுத்தவர்கள் பலர். மறு ஆண்டே, பேரிடர் மீட்புத் திட்டங்களில் வளர்ப்புப் பிராணிகளையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று அங்கே சட்டம் வந்தது. வீடிருந்தவர்களே நாயை விட்டு வரமாட்டேன் என்றார்கள். அந்த நாயைத் தவிர வேறொன்றும் இல்லாதவரிடம் போய், இரவுக் காப்பகத்தில் படுக்க வேண்டுமானால் அதை வெளியே விட்டுவிட்டு வா என்கிறோம்! பிரிட்டனில் 2016இல் தொடங்கப்பட்ட ‘ஸ்ட்ரீட்வெட்’ அமைப்பின் கால்நடை மருத்துவர்கள், வீடற்றவர்களின் பிராணிகளை அவர்கள் இருக்கும் இடத்துக்கே தேடிப்போய் இலவசமாக வைத்தியம் பார்க்கிறார்கள்.

அந்தப் பெண்ணைப் போல உதவ நினைப்பவர்களுக்கு என் தொழில் அனுபவத்திலிருந்து கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நாய்க்கு எதையும் நீட்டுமுன் அதை வளர்ப்பவரிடம் கேளுங்கள். அன்று அதற்கு முன்னால் பத்துப் பேர் கொடுத்திருக்கலாம். சாக்லேட்டும் வெங்காயமும் உலர்திராட்சையும் நாய்க்கு நஞ்சு என்பது பலருக்குத் தெரிவதில்லை. அவர் தூங்கும்போது பக்கத்தில் போய்க் குனியாதீர்கள், காவல் நாய் தன் வேலையைச் செய்யும். செலவு செய்ய மனமிருந்தால், உரிமையாளரின் சம்மதத்தோடு வெறிநோய்த் தடுப்பூசி போட்டுவிடுங்கள். மனிதர்களுக்கு வரும் வெறிநோயில் 99 விழுக்காடு நாய்கள் வழியாகத்தான் வருகிறது. அறிகுறி தோன்றிவிட்டால் பிழைப்பது மிகமிக அரிது. ஓரிடத்து நாய்களில் 70 விழுக்காட்டுக்காவது தடுப்பூசி போட்டால் நோய் பரவுவது நிற்கும் என்கிறார்கள். ஆகவே அந்த ஊசி அவருக்கு மட்டும் செய்கிற உதவியல்ல, அந்தத் தெருவில் நடமாடும் எல்லோருக்குமானது. ஊசிச் சீட்டை நனையாத உறையில் போட்டுக் கொடுங்கள். கழுத்துக்கு ஒரு பட்டையும் வாங்கிக் கொடுத்தால், ஆளுள்ள நாய் என்று பார்ப்பவர்களுக்குத் தெரியும்.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். அந்தப் பெண் அன்று அந்த வழியாக வந்தது தற்செயல். இரவுக் காப்பகங்களில் எத்தனை, வளர்ப்புப் பிராணியோடு வருபவரை உள்ளே விடுகின்றன, மறுப்பவை என்ன காரணம் சொல்கின்றன, மருத்துவமனை வளாகத்தில் ஒரு நாயைச் சில மணி நேரம் பாதுகாப்பாகக் கட்டிவைக்க நிழலான இடம் ஒதுக்குவதற்கு என்ன தடை என்பதையெல்லாம் உங்கள் நிருபர்களை விசாரித்து எழுதச் சொல்லுங்கள். அவருடைய புண் ஆறியதா என்பதையும் தெரிந்துகொள்ள ஆவலாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவமனை உதவியாளர்