அந்த இரண்டு குச்சிகள்

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு மூட்டுவலி கொஞ்சம் தேவலை.

நீ அனுப்பிய கியூபாவின் ரும்பா இசையைக் கேட்டேன். 'லோஸ் முன்யெகிதோஸ் தெ மாதான்சாஸ்', 1952-இல் மாதான்சாஸ் ஊரில் தொடங்கிய குழுவாமே. கியூபா இசை என்றால் டிரம்பெட்டும் கிதாரும் வரும் என்று காத்திருந்தால், கடைசி வரை தோலும் மரமும் மனிதக் குரலும்தான். சத்தத்தைக் கூட்டிவிட்டேன் போல. எந்தக் கோயிலில் கொடை என்று பக்கத்து வீட்டு மாமா மாடியிலிருந்து கேட்டார்.

எனக்குப் போக்குக் காட்டியது கிளாவே என்கிற அந்த இரண்டு குச்சிகள்தான். பதினாறு எண்ணிக்கைக்குள் ஐந்தே தட்டு, அதுவும் சம இடைவெளியில் இல்லை. சரி, தெரிந்த கணக்கில் பிடிப்போம் என்று தொடையில் எட்டு அடி ஆதி தாளம் போட்டேன். முதல் தட்டில் குச்சியும் கூடவே விழுகிறது. அடுத்தது சுண்டுவிரலுக்கு அரை அடி தள்ளி. மூன்றாவது நடுவிரலுக்கு அரை அடி தள்ளி. அப்புறம் தாளத்தின் இரண்டாவது தட்டு வருகிறது, அங்கே குச்சி வாயே திறக்கவில்லை! அதன் பிறகு வீச்சில் ஒன்று, அடுத்த தட்டில் ஒன்று, நேராக வந்து விழுகின்றன. கடைசி வீச்சு காலி. சோன் என்ற இன்னொரு கியூபா இசையின் கிளாவேயில் குச்சியின் மூன்றாவது தட்டு நடுவிரலோடு சேர்ந்தே விழுந்துவிடும். ரும்பாவில் அது அரை அடி தள்ளிப்போவதில்தான் அந்த இழுப்பே இருக்கிறது. நீயும் போட்டுப் பார். பாட்டு வகுப்புக்குப் போகமாட்டேன் என்று அழுதாலும் ஆதி தாளம் மறந்திருக்காது.

ரும்பாவில் கனத்த மேளம் பிடித்த பிடியை விடாமல் ஒரே நடையில் போக, 'கின்தோ' என்ற சிறிய மேளம்தான் ஆடுபவரின் காலைப் பார்த்து இஷ்டத்துக்குப் பேசுகிறது. மேற்கு ஆப்பிரிக்காவின் யொரூபா மக்கள் வழிவந்தவர்கள் கியூபாவில் வழிபாட்டுக்கு வாசிக்கும் பாத்தா மேளங்களில் இது தலைகீழ். மடியில் குறுக்காக வைத்து இருபுறமும் அடிப்பார்கள். பெரிய 'இயா' பேசும், 'இதோதெலே' பதில் சொல்லும், சிறிய 'ஒகோன்கோலோ' நடையைக் காக்கும். எனக்கு இந்த ஏற்பாடுதான் கம்பீரமாகப் படுகிறது.

ஆனால் மனசுக்குப் பிடித்தது யம்பூதான். ரும்பாவில் அது பழையது, நிதானமானது. மேளத்தில் இல்லை, மரப்பெட்டியில் வாசிப்பது. துறைமுகத்தில் கருவாடு வந்திறங்கிய பெட்டி கனத்த குரலுக்கு, மெழுகுவத்திப் பெட்டி கீச்சுக் குரலுக்கு. கியூபாவில் அடிமைமுறை ஒழிந்ததே 1886-இல்தான். கறுப்பின மக்களின் மேளத்துக்கு அதிகாரிகள் தடை போட்ட காலமும் உண்டு. பெட்டியை யார் பறிமுதல் செய்வது? அந்த மரச் சத்தத்தில் தோலின் அதிர்வு கிடையாது, அடித்ததும் சட்டென்று நின்றுவிடும். அதனால் ஒவ்வொரு விரலும் தனித்தனியாகக் கேட்கிறது.

ஹவானா போகும்போது 'கல்யெஹோன் தெ ஹாமெல்' சந்துக்கு ஞாயிற்றுக்கிழமை மதியம் போ, அங்கே ரும்பா நடக்கும். பெட்டி வாசிப்பவரிடம் கேட்டுக்கொண்டு, கையை மட்டும் கிட்டத்தில் வீடியோ எடுத்து அனுப்பு. பாத்தா மேளத்தில் மட்டும் ஆர்வத்தில் கை வைத்துவிடாதே. சடங்கு செய்து உருவேற்றிய மேளத்தைத் தீட்சை பெற்றவர்கள்தான் தொடலாம்.

டிக்கெட் போட்டதும் தேதியைச் சொல்லு. அம்மா தினமும் கேட்கிறாள்.

அன்புடன்,
அப்பா