சிறியது கேமராதான், பிலிம் அல்ல

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். பிலிம் கேமராக்களை மீண்டும் கையில் எடுப்போருக்காகச் சென்ற இதழில் வெளியான கட்டுரை பல வகையில் பயனுள்ளது. ஆனால், பாயிண்ட் அண்ட் ஷூட் எனப்படும் கையடக்கக் கேமராக்களை ஒரே வரியில் ஒதுக்கிவிட்டு, நல்ல படம் வேண்டுவோர் லென்ஸ் வழியே வரும் காட்சியை உள்ளே ஒரு கண்ணாடியால் பிரதிபலித்துக் காட்டும் பெரிய எஸ்.எல்.ஆர். கேமராவைத்தான் வாங்க வேண்டும் என்று கட்டுரையாளர் முடித்திருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

டிஜிட்டல் காலத்துப் பழக்கமே இந்தத் தீர்ப்புக்குக் காரணம் என்று நினைக்கிறேன். டிஜிட்டல் கேமரா சிறுத்தபோது அதனுள் பிலிமுக்குப் பதிலாக ஒளியைப் பதிவுசெய்யும் சென்சாரும் சேர்ந்தே சிறுத்தது. பரவலாகப் புழங்கிய ஒரு வகை சென்சாரின் அளவு ஏறத்தாழ 5.8 × 4.3 மி.மீ. மட்டுமே. ஆகவே, கேமரா சிறியதென்றால் படமும் சுமாராகத்தான் இருக்கும் என்ற எண்ணம் நம் மனத்தில் படிந்ததில் வியப்பில்லை. 35 மி.மீ. பிலிமில் அந்தக் கணக்கு செல்லாது. சட்டைப் பையில் அடங்கும் கேமராவானாலும் தோள் வலிக்கச் சுமக்கும் எஸ்.எல்.ஆர். ஆனாலும், ஒளி விழும் பரப்பு அதே 24 × 36 மி.மீ.தான். ஒரே ரோலை இரண்டிலும் போட்டால் கிரெய்னில், அதாவது படத்தில் தெரியும் பொடித் துகள்களில், வேறுபாடு இராது; வேறுபாடு வருமானால் பெரும்பாலும் லென்ஸால்தான் வர வேண்டும்.

அந்த லென்ஸ் விஷயத்தில்தான் சிறிய கேமராவுக்கு யாரும் எதிர்பாராத ஒரு சாதகம் இருக்கிறது. எஸ்.எல்.ஆரில் லென்ஸுக்கும் பிலிமுக்கும் நடுவே மேலெழுந்து இறங்கும் அந்தப் பிரதிபலிப்புக் கண்ணாடிக்கு இடம் விட்டாக வேண்டும். நிக்கான் எஃப் வகையில் லென்ஸ் பொருந்தும் விளிம்பிலிருந்து பிலிம் வரை 46.5 மி.மீ. தொலைவு உண்டு. 35 மி.மீ. குவியத் தூரமுள்ள லென்ஸை அவ்வளவு தள்ளி நிறுத்த, கூடுதல் வில்லைகளோடு சற்றே சுற்றுவழியான வடிவமைப்பு தேவைப்படுகிறது. கையடக்கக் கேமராவில் அந்தக் கண்ணாடியே இல்லை என்பதால், லென்ஸ் பிலிமை நெருங்கி உட்கார்ந்துகொள்ளலாம். மூன்று நான்கு வில்லைகளே போதுமானவையாகிவிடுகின்றன. 1990-இல் வந்த யாஷிகா டி4 கேமராவில் இருந்தது, 1902-இல் பால் ருடால்ஃப் வடிவமைத்த டெஸ்ஸார் வழிவந்த நான்கு வில்லை லென்ஸ். 1997-இன் ஒலிம்பஸ் மியூ-2 வெறும் 135 கிராம் எடை கொண்டது. அதிலும் நான்கே வில்லைகள்; ஒளி நுழையும் துளை எஃப் 2.8 (இந்த எண் சிறிதானால் துளை பெரிது). கான்டாக்ஸ் டி2-வின் டைட்டானியம் உடலுக்காக இன்று சிலர் காட்டும் பக்தி எனக்குப் புரியவில்லை என்றாலும், அதன் சோனார் லென்ஸைக் குறை சொல்ல மனம் வராது.

அப்படியானால் இந்தத் தரம் அன்றைக்கே ஏன் பலர் கண்ணில் படவில்லை? பெரும்பாலான ரோல்கள் 4 × 6 அங்குல பிரிண்டோடு நின்றுபோயின. அது நெகட்டிவை ஏறக்குறைய நான்கு மடங்கு மட்டுமே பெரிதாக்குவது. நல்ல லென்ஸையும் நடுத்தர லென்ஸையும் அந்த அளவில் பிரித்துச் சொல்வது கடினம். போதாக்குறைக்கு, வெளிச்சம் சற்றே குறைந்தாலும் தானாக வெடிக்கும் ஃபிளாஷ், முகங்களை வெளுத்து, கண்களைச் சிவப்பாக்கி, பின்னணியைக் கறுப்பில் தள்ளியது. பழி லென்ஸின் மேல் விழுந்தது. அதே நெகட்டிவ்களை இன்று நல்ல ஸ்கேனரில் வைத்துப் பெரிதாக்கிப் பார்ப்பவர்கள், பகல் வெளிச்சத்தில் எடுத்த படங்களில் சுவரின் காரை வெடிப்பும் சட்டைத் துணியின் நெசவும் தனித்தனியே தெரிவதைக் கண்டு திகைக்கிறார்கள்.

குறைகள் இல்லாமல் இல்லை. ஜூம் மாதிரிகளை நான் பரிந்துரைக்க மாட்டேன், 105 மி.மீ.க்கு நீட்டும்போது துளை எஃப் 9-ஐ ஒட்டிச் சுருங்கி, ஒளி போதாமல் ஷட்டர் அதிக நேரம் திறந்திருக்க வேண்டிவரும் என்பதால், கை நடுக்கமே படத்தைக் கெடுத்துவிடும். இன்ஃப்ராரெட் கதிரை அனுப்பித் தூரம் அளக்கும் மாதிரிகள் பேருந்தின் மூடிய ஜன்னல் வழியே படமெடுக்கும்போது ஏமாந்துபோகும்: கதிர் கண்ணாடியில் பட்டுத் திரும்ப, கேமரா ஜன்னலுக்கே ஃபோகஸ் செய்ய, அப்பால் உள்ள மலை மங்கிவிடும். தொலைதூரக் காட்சிகளுக்கென்று தனிப் பொத்தான் உள்ள மாதிரிகளில் அதை அழுத்தினால் இந்தத் தொல்லை தீரும். மின்னணுப் பகுதி பழுதானால் உதிரி பாகம் கிடைப்பது அரிது என்பது மட்டும் கட்டுரையாளர் தாராளமாக எழுதியிருக்கக்கூடிய நியாயமான எச்சரிக்கை. ஏனோ அதை அவர் எழுதவில்லை.

ஒரு வேண்டுகோள். மாற்ற முடியாத 35 மி.மீ. லென்ஸ் கொண்ட ஒரு கையடக்கக் கேமராவிலும், அதே அளவு லென்ஸ் மாட்டிய ஓர் எஸ்.எல்.ஆரிலும் ஒரே வகை பிலிமைப் போட்டு, ஒரே காட்சியை ஒரே வெயிலில் எடுத்து, இரண்டையும் முழுப் பக்க அளவில் அருகருகே வெளியிடுங்கள். எது எந்தக் கேமராவில் எடுத்தது என்ற விடையைக் குறுக்கெழுத்துப் போட்டிக்குச் செய்வதுபோலப் பக்கத்தின் அடியில் தலைகீழாக அச்சிட்டால் போதும்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்